ஆஸ்கர் யாருக்கு? படத்தைவிட வாக்குச்சீட்டைப் படியுங்கள்

2012 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தபோது, 50 மாநிலங்களிலும் யார் ஜெயிப்பார் என்பதை ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னவர் நேட் சில்வர் என்ற புள்ளியியலாளர். அடுத்த மூன்று மாதத்தில், 2013 பிப்ரவரியில், அவர் ஆஸ்கர் விருதுகளையும் கணித்தார். முக்கியமான ஆறு பிரிவுகளில் நான்குதான் பலித்தன. சிறந்த இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்றார். ஆங் லீ வாங்கினார். துணை நடிகர் டாமி லீ ஜோன்ஸ் என்றார். கிறிஸ்டோஃப் வால்ட்ஸ் வாங்கினார். 2009-லும் அவர் இதே ஆறு பிரிவுகளைக் கணித்து, நான்கைத்தான் சரியாகச் சொல்லியிருந்தார்.

ஐம்பதுக்கு ஐம்பது எடுத்தவரால் ஆறுக்கு ஆறு எடுக்க முடியவில்லை. காரணம் ஒன்றும் மர்மமில்லை. அதிபர் தேர்தல் என்றால் மாநிலம் மாநிலமாகக் கருத்துக்கணிப்பு எடுக்கிறார்கள். ஆஸ்கருக்கு அப்படி நம்பத் தகுந்த கணிப்பு எதுவும் கிடையாது. ஜெயித்தவர் எத்தனை வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பதைக்கூட, விருதைக் கொடுக்கும் அமைப்பான அகாடமி வெளியிடுவதில்லை. ஆகவே, போன வருஷம் நாம் தவறாகக் கணித்தது பத்து வாக்கில் தவறியதா, ஆயிரம் வாக்கில் தவறியதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. போதாக்குறைக்கு ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு போட்டி. முப்பது வருஷக் கணக்கை எடுத்தாலும் முப்பது முடிவுகள்தான் கையில் இருக்கும்.

இவ்வளவு ரகசியமும் ஒரு பத்திரிகையால் வந்தது. முதல் விழா 1929 மே மாதம் நடந்தபோது, வெற்றியாளர்கள் யார் என்பது மூன்று மாதம் முன்பே ஊருக்கே தெரியும். பிறகு, விழா முடியும்வரை வெளியிடக்கூடாது என்று சொல்லிவிட்டு, பத்திரிகைகளுக்குப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவந்தார்கள். 1940-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் அதை மாலைப் பதிப்பிலேயே அச்சடித்துவிட்டது. விழாவுக்கு வந்த நட்சத்திரங்கள் யாருக்கு என்ன விருது என்று படித்துவிட்டே உள்ளே போனார்கள். 1941 முதல் முத்திரையிட்ட உறை வந்தது. வாக்குகளை எண்ணும் தணிக்கை நிறுவனத்தில் வெகு சிலருக்குத்தான் முழு முடிவும் தெரியும்.

நண்பர்கள் ஆறு பேர் வருஷாவருஷம் ஆஸ்கரைக் கணித்துச் சீட்டு எழுதுகிறோம். 2026 விழாவிலிருந்து 24 பிரிவுகளுக்கு 24 கட்டம். விழா அமெரிக்காவில் ஞாயிறு மாலை நடப்பதால் நமக்குத் திங்கட்கிழமை காலை. அதற்கு முந்தைய இரவு பன்னிரண்டு மணிக்குள் சீட்டு கைமாறிவிட வேண்டும். ஆரம்பத்தில் எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன்: எந்தப் படம் பிடித்ததோ அதைக் குறித்தேன். பல வருஷம் தோற்ற பிறகுதான் கேள்வியே வேறு என்று உறைத்தது. எந்தப் படம் சிறந்தது என்பது ஒரு கேள்வி. யார் வாக்களிக்கிறார்கள், அந்த வாக்கை எப்படி எண்ணுகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. ஆஸ்கர் கணிப்பு என்பது முழுக்க முழுக்க இரண்டாவது கேள்வியைச் சேர்ந்தது.

சரி, யார் வாக்களிக்கிறார்கள்? விமர்சகர்கள் இல்லை, ரசிகர்கள் இல்லை, நடுவர் குழுவும் இல்லை. சினிமாவில் வேலை செய்யும் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒலிக்கலைஞர் என்று தொழில்வாரியாகப் பிரிந்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் பெரிய பிரிவு நடிகர்களுடையது. பரிந்துரைக் கட்டத்தில் பெரும்பாலும் அந்தந்தத் தொழில்காரர்கள் அவரவர் பிரிவுக்கு வாக்களிப்பார்கள். சிறந்த படத்துக்கு மட்டும் எல்லாரும். இறுதிச் சுற்றில் எல்லாரும் எல்லாப் பிரிவுகளுக்கும் வாக்களிக்கலாம். இந்தச் சின்ன வித்தியாசம் கணிப்பில் பெரிய வேலை செய்கிறது. ஒளிப்பதிவுக்கான ஐந்து பரிந்துரைகளைத் தேர்ந்தெடுப்பவர் ஒளிப்பதிவாளர். ஐந்தில் ஒன்றுக்கு விருது கொடுப்பவர்களில் சிகையலங்காரக் கலைஞரும் உண்டு, கதாசிரியரும் உண்டு. நுணுக்கம் தெரிந்தவர்கள் பட்டியலை அமைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் எந்தப் படம் பொதுவாகப் பிடித்ததோ அது ஜெயிக்கிறது.

இந்தப் பத்தாயிரம் பேரின் மனதை முன்கூட்டியே அறிய ஒரே வழி, இவர்களில் சிலர் வேறு எங்கே வாக்களிக்கிறார்கள் என்று பார்ப்பது. அங்கேதான் சங்க விருதுகள் வருகின்றன. ஹாலிவுட்டின் இயக்குநர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம், நடிகர் சங்கம் மூன்றும் ஆஸ்கருக்கு முன்னால் தங்கள் விருதுகளைக் கொடுத்துவிடும். இந்தச் சங்கத்தில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் அகாடமியிலும் இருக்கிறார்கள். கோல்டன் குளோப் அப்படியில்லை. அதைக் கொடுப்பவர்கள் பத்திரிகையாளர்கள். ஆஸ்கரில் அவர்களுக்கு வாக்கு இல்லை. செய்தியில் அதிகம் அடிபடுவது கோல்டன் குளோப் என்றாலும், என் சீட்டில் அதற்கு எடை குறைவு. 2009-இல் படத்தின் வகை, வெளியான காலம், வசூல் எல்லாவற்றையும் சேர்த்துச் சூத்திரம் போட்ட சில்வரும், 2013-இல் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எந்த விருது இதுவரை எவ்வளவு ஒத்துப்போயிருக்கிறது, அதைக் கொடுப்பவர்களுக்கு ஆஸ்கரில் வாக்கு உண்டா என்று மட்டும் பார்த்தார்.

இயக்குநர் சங்க விருது இந்த வகையில் பழைய, நம்பகமான அறிகுறி. 1948 முதல் கொடுத்துவருகிறார்கள். 2025 விழா வரை, அந்த விருதை வாங்கியவருக்கு ஆஸ்கர் தவறியது எட்டே முறை. அந்த எட்டில் ஒன்றுதான் சில்வரைக் கவிழ்த்தது. அந்த வருஷம் சங்க விருதை வாங்கியவர் 'ஆர்கோ' இயக்கிய பென் அஃப்லெக். ஆஸ்கரில் அவர் பரிந்துரைக்கப்படவே இல்லை. சங்கம் பரிந்துரைத்த ஐவரில் ஸ்பீல்பெர்க்கும் ஆங் லீயும் மட்டுமே ஆஸ்கர் பட்டியலிலும் இருந்தார்கள். அந்த முறை அகாடமி தன் கால அட்டவணையை முன்னால் நகர்த்தியிருந்தது. சங்கத்தின் பட்டியல் வெளிவருவதற்கு முன்பே அகாடமி உறுப்பினர்கள் பரிந்துரை வாக்கைப் போட்டு முடித்துவிட்டார்கள். முதலில் பேர் வந்தால் அதைப் பார்த்து மற்றவர்களும் குறிப்பது வழக்கமாக நடப்பது. அந்த வருஷம் பார்ப்பதற்குப் பட்டியல் இல்லை. ஆனாலும் 'ஆர்கோ' தயாரிப்பாளர் சங்க விருதையும் நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருதையும் வாங்கியது; ஆஸ்கரில் சிறந்த படமும் அதுதான்.

இப்போது வாக்கு எண்ணும் முறைக்கு வருவோம். பெரும்பாலான கணிப்புகள் சறுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மற்ற எல்லாப் பிரிவுகளிலும் யாருக்கு அதிக வாக்கோ அவருக்கு விருது. சிறந்த படத்துக்கு மட்டும் விருப்ப வரிசை. வாக்காளர் பத்துப் படங்களையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும். நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் செய்வது இதைத்தான், 1969-இல் வி.வி.கிரி இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகே ஜெயித்தார். அகாடமியும் முதல் காலத்தில் சிலகாலம் இந்த முறையை வைத்திருந்து, பிறகு விட்டுவிட்டு, சிறந்த படத்துக்கான பட்டியலை ஐந்திலிருந்து பத்தாக உயர்த்தியபோது, 2009-ஆம் ஆண்டின் படங்களிலிருந்து திரும்பக் கொண்டுவந்தது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நூறு வாக்காளர்கள், மூன்று படங்கள். முதல் படத்தை 40 பேர் முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள்; ஆனால் அதைப் பிடிக்காதவர்களுக்கு அறவே பிடிக்கவில்லை, அவர்கள் கடைசியில் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது படத்துக்கு 35 முதலிடம். மூன்றாவதுக்கு 25. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. எனவே மூன்றாவது படம் வெளியேறும். அந்த 25 சீட்டுகளையும் தூக்கிப் போடமாட்டார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டாவதாக எந்தப் படம் என்று பார்த்து அதன் குவியலில் சேர்ப்பார்கள். 18 சீட்டு இரண்டாவது படத்துக்குப் போகிறது, 7 முதல் படத்துக்கு. இப்போது 53-க்கு 47. முதல் சுற்றில் முன்னணியில் இருந்த படம் தோற்றுவிட்டது.

ஆகவே, இந்த முறையில் ஜெயிப்பது அதிகம் பேர் வெறித்தனமாக நேசிக்கும் படம் என்று சொல்ல முடியாது. யாரும் அதிகம் வெறுக்காத, பலரும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எழுதும் படத்துக்கு வாய்ப்பு அதிகம். யாரைக் கேட்டாலும் "அதுவா, நல்ல படம்தான்" என்று மலர்ந்த முகத்தோடு சொல்லும் படம். தயாரிப்பாளர் சங்கமும் 2009 முதல் இதே முறையில்தான் எண்ணுகிறது. அதனால் சிறந்த படத்துக்கு நான் முதலில் பார்ப்பது அந்த விருதைத்தான். 2009 முதல் 2024 வரையிலான 16 ஆண்டுப் படங்களில் 13 முறை, அங்கே ஜெயித்த படமே ஆஸ்கரிலும் ஜெயித்தது. அதில் 2013-ஆம் ஆண்டுப் படங்களில் மட்டும் சங்கம் இரண்டு படங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தது.

தவறிய மூன்றில் ஒன்று உலகத்துக்கே தெரியும். 2017 பிப்ரவரி 26. 'லா லா லேண்ட்' 14 பரிந்துரைகளோடு வந்திருந்தது. தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், பிரிட்டனின் பாஃப்டா, கோல்டன் குளோப் எல்லாம் அதன் பையில். மேடையில் வாரன் பீட்டி உறையைப் பிரித்தார், அட்டையைப் பார்த்தார், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று உறைக்குள் மறுபடி பார்த்தார். பக்கத்தில் இருந்த ஃபே டன்அவேயிடம் அட்டையைக் காட்டினார். அவர் அதில் இருந்த 'லா லா லேண்ட்' என்ற பெயரைப் படித்துவிட்டார். கையில் இருந்தது சிறந்த நடிகைக்கான உறையின் இரண்டாவது பிரதி. உண்மையில் ஜெயித்தது 'மூன்லைட்'. அந்தக் குழப்பத்தைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கணிப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது வேறு: அந்த வருஷம் நடிகர் சங்கத்தின் குழு நடிப்புப் பட்டியலில் 'லா லா லேண்ட்' இல்லை, 'மூன்லைட்' இருந்தது. மிகப் பெரிய வாக்காளர் பிரிவு அந்தப் படத்தின்மேல் அவ்வளவு பிரியமாக இல்லை என்பதற்கு அது ஒரு தடயம். பார்த்தும் பொருட்படுத்தாமல் விட்டோம்.

2022-இல் நடந்தது எனக்கு இன்னும் பெரிய பாடம். ஜேன் கேம்பியனின் 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 பரிந்துரைகளோடு முன்னணியில் இருந்தது. 'கோடா'வுக்கு மூன்றே மூன்று. இயக்கத்துக்கு இல்லை, படத்தொகுப்புக்கும் இல்லை. பழைய கணக்குப்படி இப்படிப்பட்ட படம் ஜெயிக்கவே கூடாது. 1981 முதல் 2013 வரையிலான ஆண்டுகளில் சிறந்த படம் என்று ஜெயித்த அத்தனையும் படத்தொகுப்புக்குப் பரிந்துரைக்கப்பட்டவை. ஆனால் காலண்டரைப் பாருங்கள். பிப்ரவரி 27 அன்று நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருது 'கோடா'வுக்கு. மார்ச் 17 அன்று ஆஸ்கர் இறுதி வாக்களிப்பு தொடங்குகிறது. மார்ச் 19 அன்று தயாரிப்பாளர் சங்க விருது, அதுவும் 'கோடா'வுக்கு. மார்ச் 22 அன்று வாக்களிப்பு முடிகிறது. காதுகேளாத பெற்றோரின் மகளைப் பற்றிய இந்தக் குடும்பக் கதையை எல்லாரும் பார்த்து, எல்லாருக்கும் பிடித்துப்போன நேரமும், வாக்குச்சீட்டு கையில் இருந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. 'தி பவர் ஆஃப் தி டாக்' 12-இல் ஒன்றை, இயக்குநர் விருதை மட்டும் வாங்கிக்கொண்டு போனது. இரண்டில் எது பெரிய படைப்பு என்று என்னைக் கேட்டால் கேம்பியன் படம்தான் என்பேன். ஆனால் அன்று என் சீட்டில் 'கோடா'வைத்தான் எழுதியிருந்தேன்.

வாக்காளர்களே மாறியதும் இதோடு சேர்ந்துகொண்டது. 2015, 2016 இரண்டு விழாக்களிலும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையர்களுக்கே போனதால் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, அகாடமி கதவை அகலத் திறந்தது. 2016-இல் 683 பேருக்கும், 2018-இல் 928 பேருக்கும் அழைப்பு போனது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்து நிறையப் பேர் வந்தார்கள். நம் பக்கத்திலிருந்து சூர்யாவுக்கு 2022-லும், மணிரத்னத்துக்கு 2023-லும், கமல்ஹாசனுக்கு 2025-லும் அழைப்பு வந்தது. 2020-இல் 'பாரசைட்' ஜெயித்ததை இந்த மாற்றத்தோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், பாஃப்டா, கோல்டன் குளோப் எல்லாம் '1917' படத்தின் பக்கம் நின்றன. நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருது மட்டும் கொரியப் படத்துக்கு. பிறகு ஆஸ்கர் மேடையில் பாங் ஜூன் ஹோ இயக்குநர் விருதையும் வாங்கினார், சிறந்த படத்தையும் வாங்கினார். ஆங்கிலம் அல்லாத ஒரு படம் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் முறை.

நடிப்பு விருதுகளில் இந்த மாற்றம் இன்னும் துலக்கமாகத் தெரியும். 2021 விழாவை நினைத்துப் பாருங்கள். சாட்விக் போஸ்மேன் முந்தைய ஆகஸ்டில் 43 வயதில் இறந்துபோயிருந்தார். அவருடைய கடைசிப் படத்துக்கு கோல்டன் குளோப், நடிகர் சங்க விருது எல்லாம் கிடைத்திருந்தன. வழக்கமாகச் சிறந்த படத்தோடு முடியும் விழாவை, அந்த முறை சிறந்த நடிகரோடு முடியும்படி மாற்றி அமைத்திருந்தார்கள். காலை ஒன்பது மணி நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்த காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹுவாக்கின் ஃபீனிக்ஸ் உறையைப் பிரித்து ஆந்தனி ஹாப்கின்ஸ் என்றார். ஹாப்கின்ஸ் அங்கே இல்லை. 83 வயதில், வேல்ஸில் இருந்தார். அவர் சார்பில் அகாடமி விருதை ஏற்றுக்கொள்கிறது என்று சொல்லி, விழா அப்படியே முடிந்தது. மறுநாள் காலை வேல்ஸின் பச்சை வெளியில் நின்றுகொண்டு ஹாப்கின்ஸ் பேசிய சின்ன வீடியோவில், போஸ்மேனுக்கு அஞ்சலி செலுத்தினார்.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, ஏப்ரல் 11 அன்று, பிரிட்டனின் பாஃப்டா ஹாப்கின்ஸுக்குத்தான் போயிருந்தது. சொந்த ஊர்ப் பாசம் என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் ஆஸ்கர் இறுதி வாக்களிப்பு தொடங்கியது அதற்கு நான்கு நாள் கழித்து. அந்த வருஷம் நடிப்புக்கான நான்கு பாஃப்டாவும் ஆஸ்கரோடு அப்படியே ஒத்துப்போயின. நடிகர் சங்க விருதுகளில் பாதிதான் ஒத்துப்போயின. 2019-இல் கிளென் குளோஸை முந்திய ஒலிவியா கோல்மன், 2024-இல் லில்லி கிளாட்ஸ்டோனை முந்திய எம்மா ஸ்டோன், 2025-இல் டெமி மூரை முந்திய மிக்கி மேடிசன், மூவருமே நடிகர் சங்க விருதை இழந்து, பாஃப்டாவை வாங்கி, ஆஸ்கரையும் வாங்கியவர்கள்.

அப்படியென்றால் பாஃப்டாவையே நம்பிவிடலாமா? 2023-இல் நம்பியவர்கள் நான்கிலும் தோற்றார்கள். ஆஸ்டின் பட்லர், கேட் பிளான்செட், பேரி கியோகன், கெர்ரி காண்டன் என்று பாஃப்டா கொடுத்த நால்வரில் ஒருவருக்குக்கூட ஆஸ்கர் இல்லை. நடிகர் சங்கம் கொடுத்த நால்வரும் வாங்கினார்கள். அந்த நால்வரில் மூவர், மிஷெல் யோ, கீ ஹுய் குவான், ஜேமி லீ கர்டிஸ், ஒரே படத்தில் நடித்தவர்கள். 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' என்ற அந்தப் படத்தை அமெரிக்கச் சங்கங்கள் கொண்டாடின. பாஃப்டா படத்தொகுப்புக்கு ஒரு விருதோடு நிறுத்திக்கொண்டது. சிறந்த படமாக ஓடிக்கொண்டிருக்கும் குதிரை, தன் நடிகர்களையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும் என்று எனக்குப் படுகிறது. நடிகர் சங்கமும் பாஃப்டாவும் முரண்படும்போது, எந்த நடிகர் வலுவான படத்தில் இருக்கிறார் என்று நான் பார்ப்பது இதனால்தான். 'அனோரா' அந்த வருஷத்தின் சிறந்த படமாக ஜெயித்தது என்பதை மேடிசனோடு சேர்த்துப் பாருங்கள்.

நம்மவர்கள் ஜெயித்ததையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். 2009-இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' மூன்று சங்க விருதுகளையும் அள்ளியிருந்தது, ஏ.ஆர்.ரஹ்மானின் பின்னணி இசைக்கு கோல்டன் குளோப்பும் பாஃப்டாவும் கிடைத்திருந்தன. பாடல் பிரிவில் ஒரு விசித்திரம் நடந்தது. கோல்டன் குளோப் வாங்கிய புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டு ஆஸ்கரில் பரிந்துரைக்கப்படவே இல்லை. மொத்தம் மூன்றே பாடல்கள்தான் பட்டியலில். அதில் இரண்டு ரஹ்மானுடையவை. அவருடைய வாக்கே இரண்டாகப் பிரிந்துவிடுமோ என்பதுதான் ஒரே பயம். 'ஜெய் ஹோ' ஜெயித்தது. படம் வாங்கிய எட்டு ஆஸ்கர்களில் இரண்டு அவருடையவை. அந்த மேடையில் அவர் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னதைக் கேட்டு அழுதவர்களில் நானும் ஒருவன். 2023-இல் 'நாட்டு நாட்டு' பாட்டுக்கு லேடி காகா, ரிஹானா எதிரில் இருந்தாலும் கணிப்பு கடினமாக இல்லை. நாம் மரகதமணி என்று அறிந்த கீரவாணி அதற்குள் கோல்டன் குளோப்பையும், விமர்சகர்கள் தரும் கிரிட்டிக்ஸ் சாய்ஸையும் வாங்கியிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஜனவரியிலும் 'ஆஸ்கர் போட்டியில் தமிழ்ப் படம்' என்று செய்தி வரும். 2022-இல் 'ஜெய் பீம்' பற்றி வந்தது. அது தகுதிப் பட்டியல். குறிப்பிட்ட அமெரிக்க நகரத்தில் திரையிட்டது போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றி விண்ணப்பித்த படங்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்த வருஷம் 276 படங்கள் இருந்தன. பரிந்துரை என்பது அதற்கு வெகுதூரம் அப்பால். ஆசையோடு காத்திருக்கும் ரசிகர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எந்தக் கணக்குக்கும் அடங்காதவை குறும்படப் பிரிவுகள். அவற்றுக்குச் சங்க விருது இல்லை, பெரிய விளம்பரம் இல்லை. பல வாக்காளர்கள் ஐந்தையும் பார்க்காமலேயே குறிப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் ஆறு பேரில் யார் ஜெயிப்பது என்பது பெரும்பாலும் இந்த மூன்று கட்டங்களில்தான் தீர்மானமாகும். 2023-இல் ஆவணக் குறும்படத்துக்கு நான் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' என்று எழுதினேன். முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக் குட்டியை வளர்க்கும் கதை. நாற்பது நிமிடப் படம். கணக்கு எதுவும் போடவில்லை. பார்த்தவர் எவரும் அதை மறக்கமாட்டார் என்று தோன்றியது, எழுதினேன். ஊட்டியைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வெஸ் மேடையேறினார்.

2026 விழாவிலிருந்து விதி மாறிவிட்டது. ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்தால்தான் அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்க முடியும். குறும்படப் பிரிவுகளுக்கு இது பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். பேர் கேட்டுக் குறிக்கிறவர்கள் குறைவார்கள். அந்த மூன்று கட்டங்களை நான் இன்னும் கடைசியில்தான் நிரப்புகிறேன். ஆனால் நிரப்புவதற்கு முன், பதினைந்து படங்களில் கிடைக்கிற எல்லாவற்றையும் தேடிப் பிடித்துப் பார்த்துவிடுகிறேன். வாக்காளர்களும் இப்போது அதைத்தானே செய்ய வேண்டியிருக்கிறது.